பத்தில் எட்டுப் பேர் கேட்டும் அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் ஏன் நகரவில்லை?

கேள்வி இது: அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் இனியாவது சட்டம் வரும் என்கிறார்கள், வருவதில்லை. கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மை மக்கள் கடுமையான சட்டத்தைத்தான் கேட்கிறார்கள். அப்புறம் தடுப்பது யார்? துப்பாக்கிக் கம்பெனிகளின் பணம்தானே? இது மாற வழியே இல்லையா?

பதினெட்டு ஆண்டுகளாகப் பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில், பிட்ஸ்பர்க்கிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் குடியிருக்கிறேன். வந்த புதிதில் நானும் பணம்தான் காரணம் என்று நினைத்தேன். பணத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அதை முதல் காரணமாக வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த ஊரில் நான் கண்ட பல விஷயங்களுக்கு விளக்கம் கிடைப்பதில்லை. சட்டம் வேண்டும் என்று சொல்பவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு. இந்த ஒன்றுக்காக மட்டுமே ஓட்டை மாற்றிப் போடுபவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. எம்.பி.க்கள் பார்ப்பது இரண்டாவது கணக்கை. அதற்கு மேல், அமெரிக்காவில் ஒரு சட்டம் கடக்க வேண்டிய வாசல்கள் ஏராளம். கொண்டுவருபவர் அத்தனை வாசலையும் திறக்க வேண்டும், தடுப்பவருக்கு ஒரு வாசலை அடைத்தால் போதும்.

2013 ஏப்ரல் 17-ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு நான்கு மாதம் முன்பு, 2012 டிசம்பர் 14 அன்று, கனெக்டிகட் மாநிலத்தின் நியூட்டவுன் ஊரில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளிக்குள் புகுந்த ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். குழந்தைகள் எல்லோருக்கும் வயது ஆறு, ஏழு. நாடே உறைந்துபோயிருந்த நேரத்தில் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு வந்தது ஒரு மிகச் சிறிய திருத்தம். உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கினால் வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்பது 1993-இல் வந்த பிரேடிச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. கடை வைக்காத ஒரு தனி ஆள் விற்றால் கூட்டரசுச் சட்டப்படி அந்தச் சோதனை தேவையில்லை. துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்கும் சோதனையை நீட்டிக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. எந்தத் துப்பாக்கிக்கும் தடை கிடையாது. அரசு பதிவேடு வைக்கப் பார்த்தால் அந்த அதிகாரிக்கு 15 ஆண்டு சிறை என்றுகூட எழுதிச் சேர்த்திருந்தார்கள். கொண்டுவந்தவர்கள் மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சினும் எங்கள் பென்சில்வேனியாவின் பாட் டூமியும். முதலாமவர் ஜனநாயகக் கட்சி, இரண்டாமவர் குடியரசுக் கட்சி. இருவரும் அதுவரை துப்பாக்கிக்காரர்களின் நண்பர்கள் என்று பேரெடுத்தவர்கள்.

ஆதரவு 54, எதிர்ப்பு 46. மசோதா தோற்றது. அதிக வாக்கு வாங்கியதும் தோற்றது என்பது நம்மூர் ஆட்களுக்கு உடனே புரியாது. செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே நூறில் அறுபது பேர் சம்மதிக்க வேண்டும். ஃபிலிபஸ்டர் என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். அரசியல் சாசனத்தில் அது இல்லை, சபை தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. உடல்நலம் குன்றி நெடுநாள் வராதிருந்த 89 வயது ஃபிராங்க் லாட்டன்பர்க் சக்கர நாற்காலியில் வந்து ஆதரவாக வாக்களித்தார். 2011-இல் அரிசோனாவின் டூசான் நகரில் நடந்த சூட்டில் உயிர் தப்பிய ஒரு பெண்மணி பார்வையாளர் மாடத்திலிருந்து "வெட்கம்!" என்று கத்தினார். அவ்வளவுதான் முடிந்தது.

அறுபது என்ற எண்ணோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு இடம், மக்கள்தொகை எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. 2020 கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 3 கோடியே 95 லட்சம் பேர், வயோமிங்கில் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர். அறுபத்தெட்டு மடங்கு வித்தியாசம் இருந்தும் இரண்டுக்கும் இரண்டிரண்டு உறுப்பினர்தான். துப்பாக்கி வீட்டுச் சாமான்போல் புழங்குகிற சிறிய கிராமப்புற மாநிலங்களின் குரல் அங்கே இயல்பாகவே ஓங்கி ஒலிக்கும்.

அன்று எதிர்த்தவர்களில் ஜனநாயகக் கட்சியினர் நால்வர்: அலாஸ்காவின் மார்க் பெகிச், ஆர்கன்சாஸின் மார்க் ப்ரையர், மொன்டானாவின் மேக்ஸ் பாகஸ், வடக்கு டகோட்டாவின் ஹெய்டி ஹெய்ட்கேம்ப். கட்சித் தலைவர் ஹாரி ரீடும் எதிர்த்துப் போட்டார், ஆனால் அது பின்னாளில் மசோதாவை மறுபடி எடுக்க உரிமை வேண்டும் என்பதற்கான நடைமுறை உத்தி. நால்வரின் மாநிலங்களின் பெயரைப் படித்தாலே காரணம் விளங்கும். சொந்த ஊர் வாக்காளர்களை நினைத்து அஞ்சினார்கள். அந்த அச்சமும் பயன்படவில்லை, பெகிச்சும் ப்ரையரும் அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே தோற்றுப்போனார்கள்.

இந்த அச்சத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 1994 செப்டம்பரில் பில் கிளின்டன் ஒரு குற்றத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். போர்க்கள பாணித் துப்பாக்கிகள் பலவற்றையும், பத்து தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் புதிதாக விற்க அது தடை போட்டது. நவம்பரில் தேர்தல். ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களை இழந்தது. சபாநாயகர் டாம் ஃபோலியே தன் தொகுதியில் தோற்றார், பதவியிலிருக்கும் சபாநாயகர் தோற்பது 1862-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சொதப்பியது உள்ளிட்ட வேறு காரணங்களும் இருந்தன, துப்பாக்கியால் மட்டும் போன இடங்கள் எத்தனை என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் வாஷிங்டனில் பதிந்தது ஒரே பாடம்: துப்பாக்கியைத் தொட்டால் பதவி போகும். அந்தத் தடைக்குப் பத்தாண்டு ஆயுள் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். 2004 செப்டம்பரில் அது காலாவதியானது, நீட்டிக்க எடுத்த முயற்சி பலிக்கவில்லை.

பணம் முதல் காரணமல்ல என்று நான் சொல்வதற்கு நல்ல ஆதாரம் கொலராடோ. அரோரா நகரத் திரையரங்கில் 2012 ஜூலையில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு மார்ச்சில் அந்த மாநிலம் 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைத் தடைசெய்து, எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. கோபமடைந்தவர்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். பியூப்ளோ ஊரில் அதைத் தொடங்கியவர் ஒரு பிளம்பர். 2013 செப்டம்பர் 10 அன்று, பதவியிலிருப்பவர்களை இடையிலேயே நீக்கும் திரும்பப் பெறும் தேர்தல் நடந்து, மாநில செனட் தலைவர் ஜான் மோர்ஸும், பியூப்ளோவின் ஏஞ்சலா ஜிரோனும் பதவி இழந்தார்கள். மோர்ஸ் முன்னாள் போலீஸ்காரர், முன்னூற்றுச் சொச்சம் வாக்கில் தோற்றார். ஜிரோனின் தொகுதி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. இதில் கவனிக்க வேண்டியது, இவர்களைக் காப்பாற்ற நினைத்த தரப்புதான் அதிகம் செலவழித்தது. நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க் மட்டும் மூன்றரை லட்சம் டாலர் கொடுத்தார். ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் வழக்கமான தபால் வாக்குச் சீட்டு அந்த முறை வீடுதேடி வரவில்லை, வாக்குச்சாவடிக்கு நேரில் போக வேண்டியிருந்தது. சட்டம் பிடித்தவர்கள் வீட்டில் இருந்தார்கள், பிடிக்காதவர்கள் போய் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் நிற்பவர் யார்? என் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்கிறேன், எழுபதைத் தாண்டியவர், இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் வாசலில் பனி வாரியவர். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை இந்தப் பக்கத்தில் பல பள்ளிகளுக்கு விடுமுறை, மான் வேட்டைக்காக. ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு பேரனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார். ஒருமுறை அலமாரியைத் திறந்து தன் தாத்தாவின் ரைஃபிளைக் காட்டினார். மரக்கட்டையில் தோள் பட்டுப் பட்டு மெருகேறிய இடத்தை விரலால் தடவிக் காட்டினார். எங்கள் வீட்டில் பாட்டியின் அம்மிக்கல்லை இப்படித்தான் காட்டுவோம்.

பின்னணிச் சோதனையைப் பற்றிக் கேட்டேன். அதில் எனக்கென்ன ஆட்சேபம், நான் எத்தனையோ முறை படிவம் நிரப்பியிருக்கிறேன் என்றார். சாண்டி ஹூக் மசோதாவை ஆதரித்தீர்களா என்றேன். இல்லை என்றார். சோதனை என்று தொடங்குவார்கள், பிறகு பட்டியல் எடுப்பார்கள், பட்டியல் இருந்தால் ஒருநாள் வீட்டுக்கு வருவார்கள், இதுதான் அவர் பயம். பட்டியல் எடுத்தால் சிறை என்று மசோதாவிலேயே இருந்ததே என்றேன். எழுதுவது அவர்கள்தானே, அழிப்பதும் அவர்கள்தானே என்றார். அரசின் மேல் இருக்கும் அவநம்பிக்கையை ஒரு ஷரத்து போட்டுப் போக்க முடியாது என்பது அன்று எனக்கு உறைத்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மாநிலப் பிரதிநிதியின் அலுவலகத் தொலைபேசி எண்ணை ஒட்டி வைத்திருக்கிறார். ஏதாவது மசோதா வருகிறது என்று தெரிந்தால் மறுநாள் காலையில் கூப்பிட்டுவிடுவார்.

இதே தெருவில் பின்னணிச் சோதனை வேண்டும் என்று சொல்லக்கூடிய பத்து வீடாவது இருக்கும், எங்கள் வீட்டையும் சேர்த்து. அவர்களில் ஒருவரும் கூப்பிடுவதில்லை. என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் பள்ளி விட்டு வந்து, கதவைப் பூட்டி விளக்கை அணைத்து மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம் என்றாள். துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்ற ஒத்திகை. அவளுக்கு அப்போது சளி. "அப்பா, இருமல் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் நான் யாரையும் தொலைபேசியில் அழைக்கவில்லை. அப்போது எனக்கு ஓட்டும் கிடையாது. இங்குள்ள தமிழர்களில் பலருக்கு கிரீன் கார்டு வருவதற்கே ஆண்டுக்கணக்காகும், குடியுரிமை அதற்கும் பிறகு. பயம் அதிகம் உள்ளவர்கள் பலர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை.

பின்னணிச் சோதனையைப் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் ஆதரிக்கிறார்கள் என்ற கருத்துக்கணிப்பு எண் வாக்குப்பெட்டிக்குள் போகும்போது எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு 2016 நவம்பர் நல்ல சாட்சி. எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டுமா என்று நெவாடாவிலும் மெய்னிலும் மக்களிடமே நேரடி வாக்கெடுப்பு நடத்தினார்கள். நெவாடாவில் பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது, அதுவும் லாஸ் வேகஸ் இருக்கும் ஒரே ஒரு கவுன்டியின் தயவால். மெய்னில் தோற்றது. கேட்டால் 'ஆமாம்' என்பவர்கள், எதிர்ப்பிரசாரத்தில் 'பக்கத்து வீட்டுக்காரருக்கு வேட்டைக்கு இரவல் கொடுத்தாலே குற்றமாகிவிடும்' என்று கேட்டதும் தயங்குகிறார்கள்.

என்.ஆர்.ஏ. என்ற தேசிய ரைஃபிள் சங்கத்துக்கு வருவோம். 1871-இல் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய சங்கம். 1977-இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரு பிரிவினர் பழைய நிர்வாகத்தைக் கவிழ்த்தார்கள். அன்றுதான் அது முழு அரசியல் அமைப்பாக மாறியது. அதன் உண்மையான பலம் உறுப்பினர் பட்டியலும், ஒவ்வொரு வேட்பாளருக்கும் பள்ளி ரிப்போர்ட் கார்டு போல அது போடும் ஏ முதல் எஃப் வரையிலான மதிப்பெண்ணும்தான். நெருக்கமான போட்டி உள்ள தொகுதியில் அந்த ஒரு எழுத்து சிலருடைய வயிற்றில் புளியைக் கரைக்கும். இப்போது அந்தச் சங்கமே ஆட்டம் கண்டுவிட்டது. 2021-இல் திவால் மனு போட்டு நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. முப்பதாண்டுக்கு மேல் அதை நடத்திய வெய்ன் லாபியர் 2024 ஜனவரியில் விலகினார், அடுத்த மாதமே சங்கப் பணத்தை முறைகேடாகச் செலவழித்தார் என்று நியூயார்க் ஜூரி முடிவு சொன்னது. காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஏதாவது மாறியதா? பெரிதாக ஒன்றுமில்லை. சங்கம் தளர்ந்தாலும் அது வளர்த்துவிட்ட வாக்காளர் தளரவில்லை.

அது செய்த பெரிய வேலை, மசோதாக்களைத் தோற்கடித்ததை விட, அரசாங்கத்தின் கண்ணைக் கட்டியது என்பேன். 1996-இல் டிக்கி திருத்தம் என்று ஒன்று வந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் எதற்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பணம் செலவிடக் கூடாது என்று ஒரு வரி. கூடவே அந்த மையம் துப்பாக்கிக் காயங்களைப் பற்றிய ஆய்வுக்குச் செலவிட்டுவந்த 26 லட்சம் டாலரையும் வேறு வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். ஆய்வு செய்யக் கூடாது என்று அதில் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் எந்த அதிகாரி ரிஸ்க் எடுப்பார்? இருபது ஆண்டுக்கு மேல் அந்தத் துறையே வறண்டு கிடந்தது. திருத்தம் கொண்டுவந்த ஜே டிக்கியே 2012-இல் ஆய்வு வேண்டும் என்று எழுதினார். 2019 டிசம்பரில்தான் 2.5 கோடி டாலர் மறுபடி ஒதுக்கினார்கள்.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் கூட்டரசின் துப்பாக்கித் தடமறியும் மையம் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண்ணை வைத்துக்கொண்டு முதலில் தயாரித்த கம்பெனியைக் கூப்பிடுவார்கள், பிறகு மொத்த வியாபாரியை, பிறகு சில்லறைக் கடையை. கடை மூடியிருந்தால் அதன் பதிவேடுகள் பெட்டி பெட்டியாக அந்த மையத்துக்கு வந்திருக்கும். அவற்றை ஸ்கேன் செய்யலாம், ஆனால் வாங்கியவரின் பெயரைத் தட்டித் தேடும்படி கணினியில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் பார்க்க வேண்டும். 1986-இல் வந்த சட்டமும் நிதி ஒதுக்கீட்டில் சொருகப்பட்ட நிபந்தனைகளும் அப்படிச் சொல்கின்றன. என் பக்கத்து வீட்டுக்காரர் பயப்படும் பட்டியல் உருவாகாமல் இருக்கத்தான் இத்தனையும்.

நாடாளுமன்றம் கடந்தாலும் நீதிமன்றம் இருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும், அரசியல் சாசனத்தில் 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம் ஒரே வாக்கியம். அது தனிமனித உரிமையைத்தான் சொல்கிறது என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலாக அறுதியிட்டுச் சொன்னது 2008-இல்தான், ஹெல்லர் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். அந்தத் தீர்ப்பிலேயே எல்லாக் கட்டுப்பாடும் செல்லாது என்று அர்த்தமில்லை என்றும் எழுதியிருந்தார்கள். 2022-இல் புருவன் வழக்கு அதற்கும் மேலே போனது. இனி ஒரு துப்பாக்கிச் சட்டம் செல்ல வேண்டுமானால், அது நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இதுபோல ஒரு சட்டம் இருந்ததா என்று வக்கீல்கள் பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்கினார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்த நாளைக் கவனியுங்கள்: 2022 ஜூன் 23. அதற்கு ஒரு மாதம் முன்பு டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள். ஜூன் 23 காலையில் நீதிமன்றம் நியூயார்க்கின் நூறாண்டு கடந்த கட்டுப்பாட்டைத் தள்ளுபடி செய்தது. அன்றிரவே செனட், ஏறத்தாழ முப்பதாண்டில் முதல் கணிசமான துப்பாக்கிச் சட்டத்தை 65-33 என்று நிறைவேற்றியது. ஒரு கை திறக்கிறது, ஒரு கை மூடுகிறது. அந்தச் சட்டத்தில் இருந்தவை 21 வயதுக்குட்பட்டவர்கள் வாங்கும்போது கூடுதல் சோதனை, துப்பாக்கி வாங்கத் தடை உள்ளவர்களுக்காக வாங்கிக் கொடுப்பதைத் தனிக் கூட்டரசுக் குற்றமாக்குவது, மாநிலங்களின் நெருக்கடித் தடுப்புத் திட்டங்களுக்கு 75 கோடி டாலர் போன்றவை. வாங்கும் வயதை உயர்த்தவில்லை, எல்லா விற்பனைக்கும் சோதனை என்பதும் இல்லை. ஆதரித்த குடியரசுக் கட்சி செனட்டர்கள் 15 பேரில் அந்த ஆண்டு தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தவர்கள் இரண்டே பேர். நால்வர் ஓய்வு பெறப்போகிறவர்கள், எங்கள் டூமி உட்பட. மசோதாவைப் பேசி முடித்த ஜான் கார்னின், ஹூஸ்டனில் நடந்த சொந்தக் கட்சி மாநாட்டில் மேடையேறியபோது கூச்சலிட்டு அவமதித்தார்கள்.

கூச்சலோடு நின்றால் பரவாயில்லை. அதே ஆண்டு மே மாதம் பஃபலோ நகரத்து மளிகைக் கடையில் பத்துக் கறுப்பினத்தவர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பகுதியின் குடியரசுக் கட்சிப் பிரதிநிதி கிறிஸ் ஜேக்கப்ஸ், போர்க்கள பாணித் துப்பாக்கித் தடையை ஆதரிப்பேன் என்று அறிவித்தார். ஒரே வாரத்தில், கட்சி ஆதரவெல்லாம் விலகிப்போய், மறுபடி போட்டியிடவில்லை என்றும் அறிவித்தார். யுவால்டியையே தொகுதிக்குள் கொண்ட டோனி கோன்சாலஸ் 2022 சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 2024-இல் பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர், துப்பாக்கிக் காணொளிகளால் யூடியூபில் பெயர் பெற்றவர். கோன்சாலஸ் தப்பித்தது ஐநூறுக்கும் குறைவான வாக்கில். குழந்தைகளைப் புதைத்த ஊர் இருக்கும் தொகுதியிலேயே நிலைமை இதுதான். தொகுதி எல்லைகள் பெரும்பாலும் ஒரு கட்சிக்குச் சாதகமாக வரையப்பட்டிருப்பதால் பொதுத்தேர்தல் அங்கே வெறும் சடங்கு, உண்மையான தேர்தல் பிரைமரிதான். பிரைமரிக்கு வருபவர்கள் குறைவு, வருபவர்கள் தீவிரமானவர்கள்.

நகரங்கள் தாங்களாகவே சட்டம் போட்டுக்கொள்ளலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க்கின் ட்ரீ ஆஃப் லைஃப் யூதத் தொழுகைக்கூடத்தில் 11 பேர் கொல்லப்பட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் சிலருக்கு இறந்தவர்களைத் தெரியும். ஆறு மாதத்தில் நகர மன்றம் துப்பாக்கிக் கட்டுப்பாடு விதிகள் போட்டது. 2019 அக்டோபரில் நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம், துப்பாக்கி பற்றிச் சட்டம் போடும் அதிகாரம் மாநிலத்துக்கு மட்டுமே என்று பென்சில்வேனியாவில் சட்டம் இருக்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் மீறும் உள்ளூர் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதமும் பதவி நீக்கமும் உண்டு என்று 2011-இல் எழுதிவைத்தார்கள். 2021-இல் மட்டும் 562 கொலைகளைப் பார்த்த ஃபிலடெல்ஃபியா, தன் கையைக் கட்டியிருக்கும் இந்தச் சட்டத்தையே எதிர்த்து வழக்காடியது. 2024 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

இன்னொரு விஷயம் விவாதத்தில் எப்போதும் ஓரத்தில் நிற்கிறது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலைகள். மிச்சத்திலும் பெரும்பகுதி கைத்துப்பாக்கி. ஆனால் சட்டம் பற்றிய பேச்சு எழுவது பள்ளிச் சூடு நடந்த வாரத்தில் மட்டும்தான், உடனே முன்வைக்கப்படுவது ஏ.ஆர்.-15 வகை ரைஃபிள்களுக்குத் தடை. அந்தக் கோரிக்கைக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது வந்தவுடன் எதிர்த் தரப்பு முழுவதும் ஒன்றுதிரண்டு நிற்கும், கடைகளில் விற்பனையும் எகிறும். தற்கொலையைக் குறைக்கக்கூடிய காத்திருப்புக் காலம், பூட்டி வைக்கும் கட்டாயம் போன்றவற்றைப் பேச அதற்குப்பின் யாரிடமும் மூச்சு மிஞ்சுவதில்லை.

ஆஸ்திரேலியாவால் முடிந்ததே என்று இந்தக் கேள்வியோடு பலரும் சேர்த்துக் கேட்பார்கள். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டு 12 நாளில் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார், ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கியது. அங்கே அரசியல் சாசனத்தில் துப்பாக்கி உரிமை இல்லை. ஹோவர்ட் வலதுசாரி, அவர் கூட்டணியில் கிராமப்புறக் கட்சியும் இருந்தது. அந்தக் கட்சி விலை கொடுத்தது: 1998-இல் குயின்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் ஒன் நேஷன் கட்சி 11 இடங்களைப் பிடித்துப்போனது. விலை கொடுத்தாவது செய்வோம் என்று சொந்தப் பக்கத்திலிருந்தே ஒருவர் முன்வந்தது அங்கே நடந்தது.

அமெரிக்காவிலும் அப்படி நடந்திருக்கிறது. 2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் இறந்தார்கள். உயிர்பிழைத்த மாணவர்கள் பேருந்து பிடித்துத் தலைநகருக்குப் போய் உறுப்பினர்களின் அறை வாசலில் நின்றார்கள். மூன்றரை வாரத்தில், இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்த மாநிலத்தில், வாங்கும் வயது 21 ஆனது, மூன்று நாள் காத்திருப்பு வந்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவோடு துப்பாக்கியை வாங்கி வைக்கும் ரெட் ஃபிளாக் ஏற்பாடும் வந்தது. கையெழுத்திட்டவர் ரிக் ஸ்காட், அதுவரை என்.ஆர்.ஏ.யின் நல்ல மதிப்பெண் பெற்றவர். சங்கம் அன்றே வழக்குப் போட்டது. ஸ்காட் அதே ஆண்டு நவம்பரில் செனட் தேர்தலில் வென்றார். பிறகு வயதை மறுபடி 18 ஆக்க மாநிலப் பிரதிநிதிகள் சபை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாக்களித்தும் மாநில செனட் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டம் வராமல் தடுக்கும் அதே வாசல்கள், வந்த சட்டத்தைக் காக்கவும் செய்கின்றன.

மெய்னும் மாறியது. 2023 அக்டோபரில் லூயிஸ்டனில் 18 பேர் கொல்லப்பட்டார்கள். 2016-இல் பின்னணிச் சோதனையைத் தோற்கடித்த அதே மக்கள் 2025 நவம்பரில் ரெட் ஃபிளாக் சட்டத்துக்கு வாக்களித்தார்கள். 2024-இல், குடும்ப வன்முறைக்கான தடை உத்தரவு உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று உறுதிசெய்தது. புருவன் போட்ட பூட்டு முழுப்பூட்டு அல்ல என்று அதிலிருந்து தெரிகிறது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் அதே நீதிமன்றம், லாஸ் வேகஸ் படுகொலையில் பயன்பட்ட, ரைஃபிளைப் படுவேகமாகச் சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் கருவிக்கு டிரம்ப் அரசே போட்ட தடையை 6-3 என்று செல்லாததாக்கியது.

ஆகவே வழி இருக்கிறதா என்றால், வாஷிங்டனில் அருகில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாநிலங்களில் இருக்கிறது, அங்கேயும் ஒவ்வொரு வாசலாகத்தான். பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கியைத் தனி ஆளிடம் வாங்கினாலும் சோதனை கட்டாயம். நீளத் துப்பாக்கிக்குக் கிடையாது, பணத்தைக் கொடுத்து ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். இந்த ஓட்டையை அடைக்கும் மசோதாவையும் ரெட் ஃபிளாக் மசோதாவையும் 2023 மே மாதம் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் மாநிலப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது, ஜனநாயகக் கட்சிக்கு அங்கே ஒரே ஓர் இடம்தான் பெரும்பான்மை. அந்த வாரம் நான் முதன்முறையாக என் மாநில செனட்டரின் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்டார், ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டார், குறித்துக்கொண்டேன் என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பகுதியிலிருந்து இதுவரை எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். எண்ணிக்கை சொல்ல அனுமதியில்லை, ஆனால் எதிர்த்துத்தான் அதிகம் வருகிறது என்றார். மசோதாக்கள் செனட்டில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. 2024 நவம்பர் இறுதியில் கூட்டத்தொடர் முடிந்தது, அவையும் அதோடு காலாவதியாயின.